கரடு என்றால் காலி இடமா?

ஏற்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் நேராக மேலே காபித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். என்னோடு வந்தால் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டியை ஓரங்கட்டச் சொல்வேன். இருபதில் எந்த வளைவு என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறே செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை அலைக்கழிக்க ஒரு கூட்டம் வந்துவிடும்.

மஞ்சள் தொண்டைச் சின்னான். வீட்டு முருங்கையில் வந்து உட்காரும் கொண்டைக்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் கொண்டை கிடையாது. தலையும் தொண்டையும் மஞ்சள், முதுகு சாம்பல் கலந்த பச்சை. 1840களில் பறவையியலாளர் ஜெர்டன் விவரித்த பறவை. நந்தி மலை, ஹார்ஸ்லி மலை, நம் சேர்வராயன் மலை என்று தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்கும் பன்னாட்டுச் செம்பட்டியல் இதை அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்தது. போன முறை பாறை வெடிப்பில் வேர்விட்ட இச்சியில் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பழத்தை விழுங்கியது, அலகை இரண்டு பக்கமும் கிளையில் தேய்த்தது, முள்புதருக்குள் போயே போய்விட்டது. பத்து நொடிகூட இருக்காது.

ஓங்கி வளர்ந்த காடு இதற்கு வேண்டாம். பெரிய பாறைகளும், இடையில் காரை, சூரை, இலந்தையும் போதும். சேலத்துக்காரர்கள் கரடு என்போமே, அதுதான். சிக்கலும் அங்கேதான். பதிவேட்டில் அது கரடு புறம்போக்கு, கல்லாங்குத்து, தரிசு. கேட்டதுமே காலி இடம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குவாரிக்காரர் கண்ணுக்கு அது ஜல்லி, எம்-சாண்ட். வெட்டிய புதராவது மழைக்குத் துளிர்க்கும். வெடி வைத்த பாறை?

குவாரியை மட்டும் திட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சில வருடங்களுக்கு முன்பு அடிவாரக் கரடு ஒன்றில் மரம் நட ஒரு குழுவினர் ஆலோசனை கேட்டார்கள். பசுமைதானே, சரி என்று தலையாட்டினேன். பொக்லைன் வந்து புதரையெல்லாம் வழித்தது. அடுத்த கோடையில் கன்றுகளில் பாதி காய்ந்துவிட்டன. அந்தப் பக்கம் சின்னான் குரலை அப்புறம் நான் கேட்கவில்லை. ஆலோசனைக் குறிப்பில் என் கையெழுத்து இருக்கிறது.

இப்போது யார் கூப்பிட்டாலும், குழி தோண்டும் முன் நாலைந்து விடியற்காலை அங்கே சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பெரிய குவாரி என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். குவாரிக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் சின்னான் பெயரே இல்லாவிட்டால், உங்கள் பட்டியலைக் கொடுத்துப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். கையோடு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.