ஐம்பது வயது வில்லை இழுக்கலாமா?

அமெரிக்காவில் வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்கும் வழக்கம் உண்டு. அங்கே 1960களில் செய்த ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில், இன்றும் கண்ணில் படும். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன், நுனிகளில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1969 கடைசியில் காப்புரிமை பெற்றார். அதன்பின் வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாற, நன்றாக இருந்த பழைய விற்களெல்லாம் பரணுக்குப் போயின. அவைதான் இப்போது சேகரிப்பாளர்கள் கையில். வாங்கும் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், இழுத்தால் உடைந்துவிடுமா என்பது.

பெரும்பாலும் உடையாது. ஏன் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

வில்லின் நடுவில் கைப்பிடி. அதற்கு மேலும் கீழும் நீளும் வளையும் பட்டைகளை வில்லாளர்கள் லிம்ப் என்பார்கள். நாணை இழுக்கும்போது நம் கை செய்யும் வேலை முழுவதும் லிம்ப்களின் வளைவில் ஆற்றலாகச் சேர்கிறது. பழைய விற்களில் ‘40 பவுண்டு’ என்று எழுதியிருந்தால், நாணை 28 அங்குலத்துக்கு இழுத்துப் பிடிக்கச் சுமார் 18 கிலோ விசை வேண்டும் என்று பொருள். அப்படி இழுத்த வில்லில் ஏறக்குறைய 50 ஜூல் ஆற்றல் இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து இடுப்புயரம் தூக்கும் வேலைதான் அது. ஆனால் விட்டதும் அந்த ஆற்றல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும்.

நேரான வில்லில் ஒரு தொல்லை உண்டு. இழுக்க இழுக்க நாணுக்கும் லிம்ப்புக்கும் இடையிலான கோணம் விரிந்துகொண்டே போகும். கடைசியில் நாண் லிம்ப்பை வளைப்பதை விட்டுவிட்டு, அதை நீளவாக்கில் இழுக்கத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு அங்குலத்துக்கும் பாரம் சட்டென்று ஏறும். வளைந்த நுனி இதைத் தள்ளிப்போடுகிறது. நாண் ஏற்றிய ரிகர்வ் வில்லை இழுக்காமல் வைத்திருக்கும்போது நாண் நுனியின் வளைவின் மேல் சில அங்குல நீளத்துக்குப் படிந்திருக்கும். அதாவது லிம்ப்பின் நெம்புகோல் நீளம் அப்போது குறைவு. ஆகவே ஆரம்ப இழுப்பிலேயே வில் கனமாக இருக்கும். இழுக்க இழுக்க நாண் வளைவிலிருந்து பிரிந்து எழுந்து, கடைசியில் நுனியை மட்டும் பற்றியிருக்கும். நெம்புகோல் நீண்டுவிடுவதால், ஏற வேண்டிய பாரம் மெல்லத்தான் ஏறும். முழு இழுப்பில் கை தாங்கும் பாரம் அதேதான். ஆனால் தொடக்கத்திலிருந்தே அதிகமாக இழுத்ததால், சேர்ந்த ஆற்றல் அதிகம். காசு போடாமல் கிடைத்த லாபம் என்று நினைக்க வேண்டாம்; இதற்கான விலை கீழே வருகிறது.

இந்த வளைவு துருக்கிய விற்களில் எப்போதோ இருந்தது. அவர்கள் மரத்தின் முன்பக்கம் தசைநாரும், எய்பவரைப் பார்க்கும் பக்கம் கொம்பும் ஒட்டினார்கள். வளையும் பட்டையில் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் நசுங்கும், நடுவில் ஒன்றும் பெரிதாக நடக்காது. மரம் இழுபடுவதைத் தாங்கும் அளவுக்கு நசுங்கலைத் தாங்காது. அமெரிக்காவில் வில் வளைவதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன். 1930களில் அவர், ஆங்கிலேயரின் நீண்ட வில்லில் இருந்த உருண்ட குறுக்குவெட்டை விடத் தட்டையான, செவ்வக லிம்ப் மேல் என்று காட்டினார். பட்டை தட்டையாக இருந்ததால் அதன் மேல் கண்ணாடியிழையை ஒட்டுவதும் பின்னால் சுலபமானது.

கண்ணாடியிழையை வேட்டை வில்லில் பரப்பிய பெயர் ஃபிரெட் பேர். மிச்சிகனின் கிரேலிங் ஊரில் அவருடைய தொழிற்சாலை. 1949 வாக்கில் அவர் லிம்ப்புக்குள் அலுமினியத் தகடு வைத்துப் பார்த்தார். அவை நிறைய உடைந்தன. மிஞ்சியவற்றுக்கு இன்று நல்ல விலை, ஆனால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. 1950களில் வந்தது சரியான கலவை: நடுவில் மேப்பிள் மரம், இரு முகத்திலும் நீளவாக்கில் ஓடும் கண்ணாடியிழை. சுமை முழுக்க வெளிப்பரப்பில். மரம் இரண்டு பட்டைகளையும் விலக்கிப் பிடித்திருப்பதோடு சரி. வயதாவது மரத்துக்கு, உழைப்பதோ கண்ணாடியிழை. ஐம்பது வருடம் கழித்தும் அவருடைய கோடியாக், கிரிஸ்லி மாதிரி விற்கள் எய்வதற்குத் தயாராக இருப்பது இதனால்தான். (அவருடைய வில்லின் கைப்பிடியில் காசு போன்ற வட்டத் தகடு பதித்திருந்தால், அது செய்தது 1959இல் அல்லது அதற்குப் பின். முகவரி கெய்ன்ஸ்வில் என்றால் 1978க்குப் பின், தொழிற்சாலை ஃபுளோரிடாவுக்குப் போன காலம்.)

சரி, எங்கே கெடும்? முதலில் பசை. வெயிலில் நின்ற காருக்குள் வில்லை வைத்தால் பசை இளகி அடுக்குகள் பிரியலாம். பஞ்சை லிம்ப் ஓரங்களில் தடவிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே இழை எழும்பியிருக்கிறது. கண்ணாடியிழையில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பழைய விற்களில் சகஜம், பயப்பட வேண்டாம். குறுக்கே ஓடும் விரிசல்தான் ஆபத்து.

அடுத்தது முறுக்கு. வளைவு தந்த லாபத்துக்கான விலை இதுதான். மெல்லிய, அகலமான நுனியில் நாண் சற்று விலகி உட்கார்ந்தாலும், அதன் இழுப்பே லிம்ப்பைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். லிம்ப் எவ்வளவு திரும்புகிறதோ, விலகலும் அவ்வளவு கூடும். காலுக்கு இடையில் வில்லைக் கொடுத்து வளைத்து நாண் ஏற்றுவதும், மூலையில் சாத்தி வைப்பதும் இதைத் தொடங்கி வைக்கும். நாண் ஏற்ற அதற்கென்றே கயிற்றுக் கருவி இருக்கிறது, விலை சொற்பம். லேசான முறுக்கென்றால் வெந்நீரில் சூடாக்கி எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தே சரிசெய்து விடுகிறார்கள்.

நல்ல வில்லையும் கெடுப்பது பெரும்பாலும் புது நாண். பழைய விற்கள் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நாணுக்காகச் செய்தவை. லிம்ப்கள் முன்னோக்கிப் பாய்ந்து சட்டென்று நிற்கும்போது டேக்ரான் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 1980களில் வந்த, நீளாத பாலிஎத்திலீன் நாண் அம்பைக் கொஞ்சம் வேகமாக அனுப்பும். ஆனால் அதிர்ச்சி முழுவதும் வலுவூட்டாத பழைய நுனியில் போய் இறங்கும். நுனி பிளந்த விற்கள் பலவற்றின் கதை இது.

அம்பின் எடையும் இதே கணக்குதான். அம்பில்லாமல் நாணை விட்டால் 50 ஜூலும் லிம்ப்புக்கே திரும்பும். அதனால்தான் வெறும் நாணை யாரும் விடக்கூடாது என்கிறார்கள். மிக இலகுவான கார்பன் அம்பு அதற்குப் பாதி வழி. பழைய வில்லுக்கு, இழுக்கும் பாரத்தில் ஒரு பவுண்டுக்கு எட்டு முதல் பத்து கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) அம்பு எடை என்பது சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் அளவு. 40 பவுண்டு வில்லுக்கு ஏறக்குறைய 21 முதல் 26 கிராம் எடையுள்ள அம்பு. மர அம்பு எளிதில் அந்த எடைக்கு வந்துவிடும்.