இடாப்பு கூப்பிடும் பத்து நிமிடம்

காலைக்கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது எங்கள் பக்கத்தில் பாதி நாட்கள் மூடுபனி விலகியிருக்காது. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சப்பாத்து நனைந்திருக்கும். ஜூன், ஜூலை மழையில் காலுறையைக் கழற்றி, ஒட்டியிருக்கும் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் சிலர் கதிரையில் உட்காருவார்கள். அந்த நேரத்தில்தான் நான் வரவு எடுக்கும் இடாப்பைத் திறப்பேன். முதற்பாடவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்.

பத்தொன்பது வருடமாக வகுப்பாசிரியையாக இருக்கிறேன். அதில் எட்டு வருடம் உளவளத்துணைப் பொறுப்பும் சேர்ந்தது. இலங்கை மலையகத்து ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்தகால வினாத்தாளுக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளைக்குக் கொடுங்கள்.

இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் இதற்கென்றே நேரசூசியில் இடம் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொறுப்பாசிரியர் இருக்கிறார். பல பாடசாலைகளில் பிள்ளைகள் காலையில் கால்மணியோ இருபது நிமிடமோ அவரோடுதான் இருப்பார்கள். அங்கே பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்டெட், 2019 செப்டெம்பரில் ஆளுமை விருத்தியைத் தனியாக மதிப்பிடத் தொடங்கியது. 2020 செப்டெம்பரில் உறவுகள், உடல்நலம் பற்றிய கல்வி கட்டாயமானது. நமக்கும் சுகாதாரப் பாடம் இருக்கிறது, குடியியற் கல்வி இருக்கிறது. ஆனால் அவற்றுக்கும் பரீட்சை உண்டு. பரீட்சை என்று வந்துவிட்டால் பிள்ளை புத்தகத்தில் உள்ள விடையைத்தான் சொல்லும். தன் வீட்டில் நடப்பதைச் சொல்லாது. புள்ளி போடாத நேரம் என்று நம்மிடம் இருப்பது இடாப்பு நேரம் மட்டும்தான்.

பேர் கூப்பிடுவது நம் மக்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. விடிந்ததும் அம்மா, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவது பேர் போடத்தான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். பேர் என்றால் அன்றைய சம்பளம். அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் பெயரை நானும் தலைநிமிராமல், கணக்கு எழுதுவதுபோல வாசித்துவிட்டுப் போகக்கூடாது என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். அன்றிலிருந்து பெயரைச் சொன்னதும் அந்த முகத்தைப் பார்க்கிறேன். “ஆமா டீச்சர்” என்று சொல்லும் குரலைக் கேட்கிறேன். நாற்பது பேருக்கும் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆவதில்லை. நேற்று உரக்கச் சொன்ன பிள்ளை இன்று மேசையைப் பார்த்துச் சொன்னால், என் சின்னக் கொப்பியில் ஒரு புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி சேர்ந்தால் இடைவேளையில் கூப்பிட்டுப் பேசுவேன்.

வராத பிள்ளையைத்தான் நாம் கவலையோடு தேடுகிறோம். ஒரு நாளும் தவறாமல் வந்த ஒரு பிள்ளைதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தாள். தரம் 9 மாணவி. ஆறரைக்கே வாசலில் நிற்பாள், வகுப்பைக் கூட்டுவாள், மணி அடித்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு இருப்பாள். முழு வரவுக்குப் பரிசு கொடுத்து, எல்லோர் முன்பும் பாராட்டினேன். டிசம்பர் விடுமுறைக்கு முந்தைய நாள் எல்லாப் பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு ஓடியபோது அவள் மட்டும் பையை மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். “லீவே விடாம இருந்தா நல்லா இருக்கும் டீச்சர்” என்றாள். அம்மா வெளிநாட்டில். வீட்டில் அப்பாவும் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும். இரவானால் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பாட்டியிடம் ஓடிவிடுவாளாம். அந்தப் பாட்டி இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. பாட்டி இறந்த வாரத்திலும் அவள் பாடசாலைக்கு வந்திருக்கிறாள். இடாப்பில் வரவு விழுந்திருந்தது, நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்றுதான் அன்று எனக்கு முதலில் தோன்றியது. நல்ல வேளை செய்யவில்லை. அந்தப் பேச்சுக்கான பதிலை அவள்தான் அன்றிரவு வீட்டில் வாங்கியிருப்பாள். இந்தத் தவறை நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளை ஒன்றைச் சொல்லும்போது குறுக்கே கேட்காதீர்கள். விவரம் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொன்னதை அதே சொற்களில், திகதியோடு எழுதி வையுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே டீச்சர்?” என்று பிள்ளை கேட்கும். அதற்குச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். “சொல்ல வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்பதுதான் என் பதில். பிறகு அதிபர், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். அவசரம் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. இந்த எண் 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. மனம் உடைந்து, உயிரை விடுகிற பேச்சுப் பேசும் பிள்ளைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உண்டு. எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பிள்ளை பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

பையன்களின் கதை வேறு மாதிரி. 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அப்படியிருந்தும் தரம் 10இல் சில கதிரைகள் காலியாகின்றன. தீபாவளிக்குக் கொழும்புக் கடையிலிருந்து அண்ணன்மார் புதுச் சட்டையும் புதுப் போனுமாக ஊருக்கு வருவார்கள். அதற்கு அடுத்த வாரங்களில் இடாப்பைக் கவனித்துப் பாருங்கள். முதலில் திங்கட்கிழமைகள் விடுபடும், பிறகு இரண்டு இரண்டு நாளாக விடுபடும். போகாதே என்று பிரசங்கம் செய்து நான் யாரையும் தடுத்ததில்லை. இப்போதெல்லாம் வகுப்பில் வைத்தே கணக்குப் போடுகிறோம். கடையில் என்ன சம்பளம் சொன்னார்கள், எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஊருக்கு வர பஸ்ஸுக்கு எவ்வளவு என்று பையன்களே கரும்பலகையில் எழுதுவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து இருவர் சாதாரண தரப் பரீட்சை வரை இருந்தார்கள். ஒருவன் போய்விட்டான், அவனோடு இன்றும் தொலைபேசியில் பேசுகிறேன்.

ஆளுமை விருத்தி என்றதும் தன்னம்பிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வகுப்பில் அது பல நாட்கள் பிறப்புச் சான்றிதழில்தான் தொடங்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், இடாப்பில் ஒரு பெயர். சிலருக்குத் தகப்பன் பெயரின் எழுத்து மாறியிருக்கும், சிலரிடம் சான்றிதழே இருக்காது. 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை வழியாக விண்ணப்பிக்கும்போதுதான் இது வெளியே வரும், பரீட்சை நெருங்கிய நேரத்தில் அழுகையாகும். அதனால் தரம் 8 முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவந்து தன் பெயரைத் தானே எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் விண்ணப்பப் படிவத்தையும் பிள்ளையே நிரப்புவாள், நான் பக்கத்தில் நிற்பேன். பிரதேச செயலகத்துக்கு அம்மாவோடு போய், அதிகாரியிடம் தன் வாயால் பேசிவிட்டு வந்த பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் உட்காரும் தோரணையே வேறு.

மற்ற நாட்களில் கோபம், கைத்தொலைபேசி, மாதவிடாய் நாட்கள், கேலிப் பட்டப்பெயர் என்று ஒவ்வொன்றாகப் பேசுவோம். மாதவிடாயைப் பற்றிப் பையன்களையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் கேள்வி கேட்பார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதை மட்டும் எல்லோர் முன்பும் கேட்பதில்லை. அதற்குப் பிள்ளைகள் பொய் சொல்ல வேண்டி வருகிறது.

“பாடத்தை நடத்துங்க டீச்சர், கத பேசவா அனுப்புறோம்?” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தான் தூக்கிய கூடையைப் பிள்ளை தூக்கக்கூடாது என்ற பயம் அது. அடுத்த நாள் காலை வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்காரச் சொன்னேன். பெரட்டுக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று வந்தார். இருபது பிள்ளைகளுக்கு மேல் பெயர் கூப்பிட்ட பிறகு அவருடைய மகன் “ஆமா டீச்சர்” என்றான். வெளியே வந்ததும், “இவன் வீட்டுல இப்படிச் சத்தமா பேசி நான் கேட்டதே இல்லீங்க டீச்சர்” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தவணையின் கடைசி வாரத்தில் இப்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக ஒரே கேள்விதான் கேட்கிறேன்: “லீவுல யாரோட இருப்ப?” பதில் வரப் பிந்துகிற பெயர்களைக் கொப்பியில் குறித்துக்கொள்வேன். இந்த முறை நான்கு பெயர். விடுமுறையின் இரண்டாவது திங்கட்கிழமை மூன்று வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசுவேன். நான்காவது வீட்டில் தொலைபேசி இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். லயத்தில் அடுத்த கதவு அவருடையதுதான்.