இரவு முழுக்கக் கனலும் கட்டை

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் லான்செஸ்டன். 2001க்கு முன் அங்கே 66 சதவீத வீடுகளில் குளிர்காய விறகு அடுப்புதான். குளிர்காலம் வந்தால் ஊரே புகையில் மூழ்கும்.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறினால் முதலில் ஈரம் ஆவியாகும். அப்புறம் 200, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடும். நாம் பார்க்கும் தீக்கொழுந்து அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுதாக எரிய நல்ல சூடும் வேண்டும், தாராளமான காற்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எரியாத வாயு வெளியேறி, குளிர்ந்து, நுண்ணிய தார்த் துளிகளாகிவிடும். கண்ணைக் கரிக்கும் புகையில் பெரும்பங்கு இப்படி எரியாமல் போன விறகுதான். ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும்: சூடெல்லாம் தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும்.

இனி இரவுக்கு வருவோம். படுக்கப் போகுமுன் அடுப்பில் பெரிய கட்டைகளைத் திணித்து, காற்று வரும் வழியைக் குறைத்துவிடுவார்கள். கட்டை விடியும்வரை கனன்றுகொண்டே இருக்கும். விறகு மிச்சம், ஆனால் மிக அதிகமாகப் புகைவதும் இப்படிக் கனலும் கட்டைதான். அதே நேரத்தில், வானம் தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதற்கு மேலே இருப்பதோ வெப்பமான காற்று. புகை அதைத் தாண்டி ஏற முடியாது. இந்த நிலைக்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். ஆக, புகை அதிகமாக வரும் நேரமும், அது கலைய வழியில்லாத நேரமும், மக்கள் வீட்டில் தூங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஜன்னலைச் சாத்தினால் போதாதா? போதாது. புகைத்துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கதவிடுக்கு வழியே நுழைந்து நுரையீரலின் ஆழம்வரை போய்விடும்.

லான்செஸ்டனில் 2001இல் விறகு அடுப்பை மாற்றுவோருக்கு மானியம் தந்தார்கள், பிரச்சாரமும் செய்தார்கள். அடுப்பு வைத்திருந்த வீடுகள் 30 சதவீதமாகக் குறைந்தன. குளிர்காலக் காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் கனமீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27க்கு இறங்கின. 2013இல் வெளிவந்த ஆய்வு, 2007 வரையான பதிவுகளை வைத்து, ஆண்களின் ஆண்டு இறப்பு விகிதம் சுமார் 11 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. இவ்வளவு பேர் காப்பாற்றப்பட, மருத்துவமனை எதுவும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை!

குறைவாகப் புகையும் என்று சான்றிதழ் பெற்ற நவீன அடுப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சோதனைக்கூடத்தில் காய்ந்த விறகைப் போட்டுச் சோதிப்பார்கள். வீட்டில் ஈர விறகைப் போட்டுக் காற்றையும் அடைத்தால், அந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.