ரத்தம் சுத்தமாகிறது, ஆள் ஏன் துவண்டு போகிறார்?

"அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கப் படுத்தே கிடக்கிறார். கழிவெல்லாம் போய் ரத்தம் சுத்தமானால் தெம்பு வர வேண்டாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. கழிவு போகும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்த பரவல்தான். டயலைசர் என்ற வடிகட்டிக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள்; உள்ளே ரத்தம், வெளியே எதிர்த்திசையில் உப்புக்கரைசல். யூரியாவும் பொட்டாசியமும் செறிவு குறைந்த பக்கம் போய்விடும். சோர்வுக்கு ரத்தசோகை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது, அதே நான்கு மணி நேரத்தில் மெஷின் செய்யும் இன்னொரு வேலையை: தண்ணீர் எடுப்பது.

ஒரு கணக்கு போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், சிறுநீர் அறவே நின்றுவிட்டது. இரண்டு நாள் இடைவெளியில் 3 கிலோ ஏறி வந்திருக்கிறார், அத்தனையும் தண்ணீர். அதை ரத்தத்திலிருந்துதான் எடுக்க முடியும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ அவர் உடம்பில் சுமார் இரண்டரை லிட்டர்தான். இரண்டரை லிட்டர் இருக்கும் இடத்திலிருந்து மூன்று லிட்டரை எப்படி எடுப்பது?

கிணற்றில் மோட்டார் ஓடுவது மாதிரிதான். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஊறி வர வேண்டும். இங்கே மண் என்பது திசுக்கள்; கால் வீக்கமாகத் தெரிவது அங்கே தேங்கிய நீர். ஊற வைப்பது ஆல்புமின் என்ற புரதம். டயலைசரின் துளைகள் வழியாக அது வெளியேற முடியாது. தண்ணீர் மட்டும் போகப் போக, ரத்தத்தில் ஆல்புமினின் செறிவு ஏறும். செறிவு ஏற ஏற, தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியாகத் திசுநீரை அது இன்னும் பலமாக உள்ளே இழுக்கும். இறைப்பதே ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுகிறது! இதை யாரும் வடிவமைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான். புரதம் குறைந்த நோயாளிக்கு உடம்பு வீங்கியிருந்தும் பிபி சட்டென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஊறும் வேகத்துக்கு எல்லை உண்டு. மோட்டார் அதை முந்திவிட்டால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும், பிபி இறங்கும்; அப்பா துவள்வதற்கு நான் சந்தேகப்படுவது இதைத்தான். நோயாளி கொட்டாவி விடத் தொடங்குவார். அனுபவமுள்ள டெக்னீஷியன் அதைப் பார்த்ததுமே பிபி பார்ப்பார். கட்டிலில் தலைப்பக்கத்தை இறக்கி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, கொஞ்சம் சலைன் விடுவார். கவனிக்காமல் விட்டால் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், கண் இருட்டும். இப்படி அடிக்கடி நடந்தால் இதயத் தசையே பழுதாகும். அதனால்தான் மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருக்கப் பார்க்கிறார்கள். நம்மவருக்கு 3 லிட்டர் என்றால் 12.5, ஏறக்குறைய விளிம்பு. 4 லிட்டர் ஏறி வந்தால் அதே நான்கு மணி நேரத்தில் 16-ஐத் தாண்டிவிடும்.

சரி, அந்த நீர் எங்கிருந்து வந்தது? "தண்ணி குடிக்காதீங்க" என்று சொல்வதில் பாதிப் பயன்தான். சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். உப்பு உள்ளே போனால் தாகம் விடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதற்காகக் கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்புக்கு மாறிவிடாதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உயிருக்கே ஆபத்து. கிரியாட்டினினைக் குறைப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் மூலிகைப் பொடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

என் மனக்குறை ஒன்று. காப்பீட்டுத் திட்டங்கள் எத்தனை தடவை டயாலிசிஸ் நடந்தது என்று எண்ணிப் பணம் தருகின்றன. எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதில்லை. ஐந்து மணி நேரம் மெதுவாக எடுத்தால் நோயாளிக்கு நல்லது; அடுத்த ஷிஃப்ட் ஆள் வாசலில் காத்திருக்கும் சென்டருக்கு நஷ்டம். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸில் நாள் முழுக்க மெதுவாக நீர் இறங்குவதால் இந்த அடி இல்லை. அந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே தரும் வேலை, தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் இருக்கிறது. இதற்கு இன்னும் தாராளமாகச் செலவிடலாம்.

வாசகிக்கு இன்னொன்று. அப்பாவுக்குக் கொஞ்சமாவது சிறுநீர் வருகிறதா என்று அளந்து பாருங்கள். நாளைக்கு 300 மில்லி வந்தால்கூட இரண்டு நாளில் 600 மில்லி. மெஷினுக்கு முக்கால் மணி நேர வேலை மிச்சம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல இந்த மிச்சத்தையும் கெடுத்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.