தீவாந்தரம் இருக்க நாடு கடத்தல் எதற்கு?

'ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட சிறுவன் ஜான் ஹட்சன்' என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் படித்தாயிற்று. மூலத்தில் இருப்பது டிரான்ஸ்போர்ட்டேஷன். இலத்தீனில் டிரான்ஸ் என்றால் அப்பால், போர்ட்டாரே என்றால் சுமத்தல். வேர் அவ்வளவுதான். சட்டத்தில் அது ஒரு தண்டனையின் பெயர்: கைதியைக் கடலுக்கு அப்பால் அனுப்பி, அங்கேயும் கைதியாகவே வைத்து வேலை வாங்குவது.

நாடு கடத்தினால் ஆளை எல்லைக்கு வெளியே விட்டதோடு அரசின் வேலை தீர்ந்தது. அப்புறம் அவர் பாடு. விசா முடிந்தும் தங்கியவரைத் திருப்பி அனுப்புவதற்கும் செய்தித்தாளில் இதே சொல்தான். ஹட்சனின் கதை அப்படியா? லண்டனில் புகைபோக்கி துடைத்த பையன். 9 வயதில் ஒரு வீட்டில் சட்டை, பட்டுக் காலுறை, கைத்துப்பாக்கி திருடியதாக வழக்கு. மேசைமேல் பதிந்த கரிக்கால் தடம் அவனுக்கு எதிரான சாட்சி. 1783 டிசம்பரில் 7 ஆண்டுத் தண்டனை. 1784இல் அமெரிக்கா போக ஏற்றிய மெர்க்குரி கப்பலில் கைதிகள் கலகம் செய்தார்கள். அது முடிந்ததும் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் நின்ற டன்கர்க் என்னும் சிறைக்கப்பல். 1787 மே மாதம் ஃபிரெண்ட்ஷிப் கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது அவனுக்கு 13 வயது. 1790இல் அங்கிருந்து பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவு. 7 ஆண்டில் மூன்றுக்கு மேல் சொந்த நாட்டிலேயே கழிந்தது. இதில் எதை நாடு கடத்தல் என்பது? போன இடத்திலும் அரசின் கைதி, ஏவிய வேலை. கெடுவுக்கு முன் பிரிட்டனுக்குத் திரும்பினால் தூக்கு.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'கடல்கடத்தல்' என்கிறார்கள். எனக்குப் படகில் வந்த தங்க பிஸ்கட்தான் நினைவுக்கு வருகிறது.

நம்மிடம் சொல் ஏற்கெனவே உண்டு: தீவாந்தர சிட்சை. 1908இல் வ.உ.சி.க்கு விதித்ததும் இதே தண்டனைதான். தீவாந்தரம் வடமொழி, வேறு தீவு என்று பொருள். சரி, இருக்கட்டுமே; கடலும் கைதியும் அதில் சேர்ந்தே வருகின்றன. சிட்சை பழசாகத் தெரிந்தால் தீவாந்தர தண்டனை என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியா தீவா கண்டமா என்ற சண்டையைப் புவியியல் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1955இல் இதை எடுத்துவிட்டு ஆயுள் சிறையை வைத்தார்கள். அதிலிருந்து வ.உ.சி.க்கும் 'இரட்டை ஆயுள் தண்டனை' என்றே எழுதுகிறார்கள். கடல் காணாமல் போயிற்று. இயந்திர மொழிபெயர்ப்போ 'போக்குவரத்துத் தண்டனை' என்கிறது. அதைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!