உண்ணி கடித்த பிறகு வந்த காய்ச்சல் விட்டுவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

தெற்கு ஜெர்மனியில் நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிறேன். கோடை வந்தால் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "உண்ணியை அப்பவே பிடுங்கிப் போட்டுட்டேனே டாக்டர்!"

உண்ணி பரப்பும் பாக்டீரியா நோயான லைம் நோயைப் பொறுத்தவரை அது நல்ல காரியம். அந்தப் பாக்டீரியா உண்ணியின் குடலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி நம் தோலுக்கு வந்துசேரப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான உண்ணி மூளைக்காய்ச்சலின் வைரஸ் அப்படியில்லை. அது உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே இருப்பதால், கடித்த சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிடும். கடித்ததே பலருக்குத் தெரிவதில்லை.

தோலிலுள்ள நோயெதிர்ப்பு செல்களைத்தான் வைரஸ் முதலில் பிடிக்கிறது. அவை பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும்போது கூடவே போய், அங்கே பெருகி, ரத்தத்தில் கலக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், உடம்புவலி, அசதி. வெள்ளணுவும் தட்டணுவும் குறையும். 'டெங்கு மாதிரி இருக்கே' என்று நம்மவர்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. இரண்டும் ஒரே வைரஸ் குடும்பம்.

சில நாளில் காய்ச்சல் விட்டுவிடும். பலருக்கு அத்தோடு சரி. மற்றவர்கள் ஒரு வாரம் போல நன்றாக நடமாடி, வேலைக்கும் போய்விட்டு, பிறகு கடுமையான தலைவலியோடு வருவார்கள். கழுத்து இறுகியிருக்கும், நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு குழறும். வைரஸ் மூளைக்குள் நுழைந்துவிட்டது. அது நரம்பணுக்களைச் சிதைக்கிறது. அதை ஒழிக்க வந்த நம் டி செல்களும் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) சேதத்தைக் கூட்டுகின்றன. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் முன்கொம்பு அணுக்கள் பாதிக்கப்பட்டால் போலியோ போலத் தோளும் கையும் துவண்டுபோகும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இழந்த பலம் முழுதாகத் திரும்புவது அரிது.

இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறோம். முன்பு டெங்கு வந்திருந்தாலோ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தாலோ, அவையும் அதே வைரஸ் குடும்பம் என்பதால் அந்தப் பரிசோதனை நம்மை ஏமாற்றும். இங்குள்ள மருத்துவர் இதைக் கேட்காமல் விடலாம்; நீங்களே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகவும் இது பரவும். 1951இல் ஸ்லோவாக்கியாவின் ரோஷ்னியாவா ஊரில் 600 பேருக்கு மேல் நோயுற்றது பாலால்தான்.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களின் பெரும்பகுதி ஆபத்துப் பகுதி. அங்கே குடியிருப்பவர்களுக்குக் காப்பீடே செலவை ஏற்கிறது. மொத்தம் மூன்று ஊசி. முதல் இரண்டையும் குளிர்காலத்திலேயே போட்டுக்கொண்டால், உண்ணி கிளம்பும் வசந்தத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடும்.