"குடிச்சா போகணுமே, டாக்டரம்மா"

தாராவியில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான். ஏப்ரல், மே வந்துவிட்டால் நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இட்லி அவித்து விற்கும் வீட்டுப் பெண்கள் அதில் நிறைய. தகரக் கூரை, ஒற்றை அறை, விடியுமுன்னே அடுப்பு. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால், "குடிச்சா போகணுமே, டாக்டரம்மா" என்பார்கள். பொதுக் கழிப்பறையில் வரிசை; சில இடங்களில் காசும் கொடுக்க வேண்டும். கொதிக்கிற கொப்பரையை விட்டுவிட்டு எத்தனை தடவை ஓடுவது?

மும்பை வெயிலின் குணம் வேறு. கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலைத் துறைக் கணக்கில் அது வெப்ப அலை. ஆனால் 34 டிகிரியிலேயே புழுக்கத்தில் வேர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. அதற்கு மேல் இட்லி ஆவி வேறு.

கர்ப்பிணிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சூடு கொஞ்சம் தணியும். ஆவியை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். சரி, யார் முடிவெடுப்பது? வீடு மாமனார் பேரில், விற்ற காசு கணவர் பையில். சீட்டுப் பணத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கும் பெண்கள் யாரையும் கேட்காமல் ஃபேனை மாட்டிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'.

சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்காக இலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு, 2023 முதல் உறுப்பினர்களுக்கு வெயில் காப்பீடு தருகிறது. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் இழப்பீடு வரும். அலைந்து சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல யோசனை. ஆனால் வெப்பமானியை மட்டும் பார்த்தால் நம்மூர்ப் புழுக்கம் கணக்கில் வராது. இங்கே ஈரப்பதத்தையும் சேர்த்து எல்லை வகுக்க வேண்டும். அப்புறம், பெண்கள் கழிப்பறைக்குக் காசு வாங்குவதை நிறுத்தினாலே என்னிடம் வருகிற கூட்டம் குறையும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவிக்கும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றைக்கே அழைத்து வாருங்கள். 'அவர் வேலை முடிஞ்சு வரட்டும்' என்று காத்திருக்க வேண்டாம்.